துண்டு பாதியில் நிற்கிறது

என்னங்க, வீட்டுத் தோட்டத்தில் நீங்கள் நட்ட கம்பத்தில் சிவப்புத் துண்டு பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. நேற்று சாயங்காலம் நான்தான் ஏற்றினேன். இன்று காலை இறக்கலாம் என்று கயிற்றை இழுத்தேன். செராமிக் ஆலைக் குப்பை மேட்டிலிருந்து நீங்கள் பொறுக்கி வந்து மாட்டிய வெள்ளைப் பீங்கான் வளையம் கீச்கீச்சென்று கத்தியதே தவிர, துண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நேற்றுவரை ஒரு வருஷமாக அந்தக் கயிற்றை நான் தொட்டதில்லை, நைந்து போயிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

நேற்று ஏன் ஏற்றினாய் என்று கேட்பீர்கள். மங்கலம்பேட்டை அமீது பாய் வந்திருந்தார். கப்பலில் வேலை பார்த்த யாக்கூபின் அத்தா. உங்களிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார். நானும் சொல்லிவிட்டேன். சொன்னது சரியா தப்பா என்று கேட்க நீங்கள் இல்லை. இருந்திருந்தால் மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பீர்களாக்கும்! பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டிருப்பீர்கள். செத்துப்போனவரோடு சண்டை போடுவதில் எனக்கு ஒரு சௌகரியம், நடுவில் எழுந்து வெளியே போகமாட்டீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நல்லூர்ப் பக்கத்தில் மல்லாட்டை போட்டுக் கடலை விற்கும் குடும்பத்தில் பிறந்தவர் நீங்கள். மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தால் ஒழிய முழங்காலுக்கு மேல் தண்ணீரைப் பார்க்காத சனம். அங்கிருந்து ஒருவர் கப்பல் படைக்குப் போனால் அவர்களுக்கு என்ன விளங்கும்? கல்யாணமான புதிதில் உங்கள் பெரியம்மா என்னைத்தான் கேட்டார்கள். "ஏம்மா, நம்ம புள்ளைக்குக் கப்பல்ல என்ன வேல? டைவரா?"

"இல்லீங்கத்தே, கண்டக்டரு" என்றேன்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உங்களுக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நான் எத்தனை வருஷம் தேடினேன் என்று உங்களுக்குத் தெரியாது.

கொச்சிக் குடியிருப்பில் இருந்தபோது ஒருநாள் நான் விடவில்லை. "ஊர்ல கேக்கறாங்க. உங்க வேல என்னன்னு ஒழுங்காச் சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டேன். நீங்கள் என்னை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். அங்கே இருந்த ஒரு கம்பத்தில் கயிறு போட்டு, குளித்துவிட்டு உலர்த்தியிருந்த துண்டைக் கட்டினீர்கள். தலைமைக் கப்பலில் ஒரு கட்டளை கொடியாக ஏறும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு கப்பலும் ஒரு பதில் கொடி ஏற்ற வேண்டும். பதில் கொடி பாதியில் நின்றால், பார்த்துவிட்டேன், இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். உச்சிக்கு ஏறினால், புரிந்துவிட்டது. எல்லாக் கப்பலிலும் உச்சிக்கு ஏறும்வரை தலைமைக் கப்பல் காத்திருக்கும். கட்டளைக் கொடி மேலே இருக்கும்வரை யாரும் ஒன்றும் செய்யக்கூடாது. அது இறங்குகிற நொடியில்தான் எல்லாக் கப்பலும் ஒன்றாகத் திரும்பும்.

"அவ்வளவுதானா?" என்றேன். சம்பளம் வாங்க இது ஒரு வேலையா என்று இருந்தது எனக்கு.

"அவ்வளவுதான். ஏத்தறது யாரு வேணா ஏத்தலாம், டீச்சரம்மா. எப்ப எறக்கறதுங்கறதுதான் வேல."

அப்போது நான் வேலையில்கூடச் சேரவில்லை. டிரெயினிங் முடித்த பெண்ணைக் கட்டிக்கொண்ட பெருமையில் அப்படிக் கூப்பிடுவீர்கள். கடைசிவரை வேறு பெயர் சொல்லி என்னைக் கூப்பிடவே இல்லை.

உங்கள் அப்பா படுக்கையில் விழுந்ததும் நான் விருத்தாசலத்துக்கு வந்துவிட்டேன். செராமிக் புகைபோக்கி தெரிகிற இந்த வீட்டைக் கட்டினோம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலையும் கிடைத்தது. நமக்குப் பிள்ளை இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே போதும் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒருமுறை லீவில் வந்தவர் என்னைக் கூட்டிப்போக வகுப்பு வாசலில் வந்து நின்றீர்கள். நான் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு "புரிஞ்சுதா?" என்றேன். மொத்த வகுப்பும் "புரிஞ்சுது டீச்சர்" என்று கூரை அதிரக் கத்தியது. ஒன்றுக்கும் புரிந்திருக்காது என்று எனக்கும் தெரியும், அதுகளுக்கும் தெரியும்.

வழியில் கேட்டீர்கள். "உன் கிளாஸ்ல பாதிக் கொடியே கெடையாதா?"

"புரியலன்னா அடி விழும்னு பயம். உங்க கப்பல்ல எல்லாரும் ஒழுங்காப் பாதியில நிறுத்துவாங்களாக்கும்?"

செருப்பில் ஏறிய மண்ணை உதறினீர்கள். பிறகு, "அங்க பயம் இல்ல. வெக்கம்" என்றீர்கள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அறுபதுகள் முழுக்க நீங்கள் ஏறிக்கொண்டே போனீர்கள். முதலில் ஒரு கப்பல், பிறகு நாலைந்து கப்பல், பிறகு கமடோர் என்ற பெரிய பதவி. அதற்கும் பிறகு, பல நாட்டுக் கப்பல்கள் ஒன்றுகூடிச் செய்கிற பயிற்சிக்கு உங்களையே தலைவராகப் போட்டார்கள். நம்மை ஒரு காலத்தில் ஆண்டவர்களின் கப்பலும் அதில் இருந்தது. நல்லூர் மல்லாட்டைக்காரர் மகன் கொடியை இறக்கினால் அவர்களும் திரும்பித்தான் ஆக வேண்டும். பேப்பரில் வந்த உங்கள் போட்டோவை ஜங்ஷன் டீக்கடையில் ஒட்டி வைத்திருந்தார்கள். "கப்பல்காரர் வூடு எது?" என்று கேட்டு வந்து வெறுமனே வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

முதல் தடவை அந்த வேலைக்குப் போகும்போது செராமிக்குக்குப் போய், ஒரு கேப்டனுக்கு ஒன்று என்று கப்பும் சாசரும் வாங்கினீர்கள். நீலக்கோடு போட்ட முதல் ரகம். நம் வீட்டில் இருந்தவை எல்லாம் கைப்பிடி கோணியதென்று ஆலையில் கழித்துப்போட்ட செகண்ட்ஸ். "எனக்கு ஒண்ணு நல்லதா வாங்கக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "டீ ஒண்ணுதானே, டீச்சரம்மா" என்று பெட்டியை மூடினீர்கள். வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டியைப் போர்ட்டர் தலையில் வைக்க விடாமல் நீங்களே ரயிலில் ஏற்றினீர்கள். பெரிய அதிகாரி கப்புப் பெட்டி சுமக்கிறார் என்று ஸ்டேஷனே வேடிக்கை பார்த்தது.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, அதே மாதிரி ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோதுதான் யாக்கூபைப் பற்றி எழுதினீர்கள். நம் கப்பல் ஒன்றைப் பார்வையிடப் போனபோது எஞ்சின் அறையில் எண்ணெயும் வியர்வையுமாக நின்ற ஒருவனிடம் ஊர் கேட்டிருக்கிறீர்கள். "மங்கலம்பேட்டைங்க" என்றிருக்கிறான். பக்கத்தில் வெளிநாட்டு அதிகாரிகள் நிற்பதையும் மறந்து, "அட, நம்ம பக்கமா! யாரு வூடு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் கடைத்தெரு, மளிகைக்கடை எல்லாம் அடையாளம் சொல்லிவிட்டு, "எங்க அம்மாகிட்ட சொல்றேங்க, எல்லாக் கப்பலுக்கும் நம்ம ஊரு ஆளுதான் பெரியவருன்னு. இனிமே அது பயப்படாது" என்றிருக்கிறான். இதை எழுதி, கீழே ஒரு சிரிப்பும் போட்டிருந்தீர்கள். அந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன என்று ரேடியோவில் சொன்னார்கள். வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் மூக்கு நம் கப்பலின் வயிற்றில் ஏறிவிட்டது, எஞ்சின் அறையில் இருந்தவர்கள் தப்பவில்லை. நீங்கள் வேறு கப்பலில் இருந்தீர்கள், உங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். விசாரணை நடந்தது. உங்கள் கட்டளையில் ஒரு தவறும் இல்லை என்று முடித்தார்கள். அடுத்த பதவி உயர்வு உங்களுக்குத்தான் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து இறங்கினீர்கள்.

எழுபதுகளின் அந்த முதல் வருஷங்களை எப்படிச் சொல்வேன்? ஒரே வீட்டில் இருந்தோம், அவ்வளவுதான். யார் வந்தாலும் "சௌக்கியம்" என்பீர்கள். நான் கேட்டாலும் "சௌக்கியம்". சோற்றைப் பிசைவீர்கள், வாய்க்குப் போகாது. நெஞ்சு வலி வந்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் இந்தக் கம்பத்தை நட்டீர்கள். சாப்பிட்டு மாத்திரை போட்டாயிற்று என்றால் துண்டு உச்சியில். பாதியில் நின்றால், சோற்றைப் பார்த்தேன், இறங்கவில்லை. மத்தியான மணி அடித்ததும் என் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு கத்துவார்கள். "டீச்சர், சார் துண்டு பாதியில நிக்குது!" நான் மைதானத்தைக் கடந்து ஓடிவந்து ரசம் சாதத்தைக் கரைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போவேன். ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் பொய் சொல்லவில்லை.

ஒரு சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற உங்களைக் கூப்பிட வேண்டும் என்று தலைமை ஆசிரியர் பிடிவாதமாக இருந்தார். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். "எம் மானம் போவுது, வந்து கயித்த இழுத்துட்டு மிட்டாய் வாங்கிக்கிட்டு வாங்க" என்று நான்தான் கிளப்பினேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். பூவைச் சுற்றி முடிந்திருந்த கொடி பாதி வரை ஏறி மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். பியூன் ஓடிவந்து, இறக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம் என்று கயிற்றைப் பிடித்தார்.

"எறக்காத! எறக்காத!" என்று கத்தினீர்கள். அப்படி ஒரு குரல் உங்களுக்கு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. முதல் வரிசையில் நின்ற சின்னப்பிள்ளை ஒன்று அழுதுவிட்டது. நீங்கள் கயிற்றை விட்டுவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்து வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

நான் வந்தபோது தோட்டத்தில் கம்பத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். "டீச்சரம்மா, நான் பாத்தேன்" என்றீர்கள்.

"என்னத்தப் பாத்தீங்க?"

"மோதுன அந்தக் கப்பல்ல பதில் கொடி பாதியில நின்னுச்சு. ஒரு மூச்சு விடற நேரந்தான். அப்புறம் அவசரமா உச்சிக்கு ஏறுச்சு. பக்கத்துல இருந்தவன் 'எல்லாருக்கும் புரிஞ்சுது சார்'ன்னான். நான் அவன் சொன்னதைக் கேக்கல. அந்தக் கொடியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குப் புரியல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா எறக்கினீங்க?"

அந்தக் கப்பலின் கேப்டன் சின்ன வயசுக்காரன், புதிதாகக் கப்பலேறியவன், எந்த நாடு என்று கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை. பயிற்சி தொடங்குவதற்கு முதல்நாள் கேப்டன்களுக்கெல்லாம் நம் ஊர்க் கப்பில் டீ கொடுத்திருக்கிறீர்கள். அவனுக்கு அந்த டீ பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்ததாம். இருந்தும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே குடித்து முடித்தானாம். "அப்பவே எனக்கு ஆளு தெரிஞ்சுபோச்சு. புடிக்கலன்னோ புரியலன்னோ சொல்ற ஆளு இல்ல அவன். மறுநாள் எத்தனையோ நாட்டுக்காரங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. அத்தனை பேரு முன்னாடி அவனை மட்டும் மறுபடி கேட்டா அவமானமாப் போயிடுமேன்னு நெனச்சேன். மரியாதைக்காக எறக்கிட்டேன், டீச்சரம்மா. வேற ஒண்ணும் இல்ல. மரியாதை."

விசாரணையில், எல்லாப் பதில் கொடியும் உச்சியில் இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்று சொன்னீர்கள். பாதியில் நின்றதா என்று யாரும் கேட்கவில்லை. நீங்களாகவும் சொல்லவில்லை. பழி முழுக்க அந்தச் சின்ன வயசுக்காரன் தலையில் விழுந்து அவன் வேலையும் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்களை என்னவெல்லாம் கேட்டேன் என்று இப்போது சொல்ல மனசு வரவில்லை. கடைசியில், "சரி, இப்ப யாருகிட்ட சொல்லணும்?" என்றேன்.

"மங்கலம்பேட்டையில சொல்லணும்."

"பஸ்ஸு ஏறினா அரை மணி நேரம். போயிட்டு வரவேண்டியதுதானே?"

"புள்ளை இல்லாதவன் நான். புள்ளையப் பறிகுடுத்தவரு முன்னாடி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

ஆகஸ்டில் சொன்னது, பொங்கல் கழிந்துதான் உங்களைக் கிளப்ப முடிந்தது. இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தீர்கள். மூன்றாவது தடவை நானும் கூட வந்தேன்.

கடையில் ஒரே கூட்டம். அமீது பாய் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார். உங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துண்டால் தட்டிப் போட்டு, கடையில் நின்ற எல்லோரிடமும், "எங்க யாக்கூபோட பெரிய ஆபீசரு. வூடு தேடி வந்திருக்காங்க பாருங்க" என்றார். சனம் வழிவிட்டுத் தள்ளி நின்றது. அந்த மரியாதையைப் பார்த்ததும் உங்கள் முகம் செத்துவிட்டது. இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிடுவீர்களோ என்று நான் பயந்தேன். இல்லை, சொன்னீர்கள். எப்படிச் சொன்னீர்கள்!

"பாய், அன்னைக்கு சிக்னல் குடுத்தது நான். ஒரு ஃபாரின் கப்பல்ல ஆன்சரிங் பெனன்ட் டிப்ல நின்னு, அப்புறந்தான் க்ளோஸப் ஆச்சு. நான் அத நோட் பண்ணேன். பண்ணியும் எக்ஸிக்யூட் குடுத்துட்டேன். என்கொயரில இந்த பாயின்ட் வரல. அத உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்."

எனக்குத் துண்டைக் கட்டிக் காட்டிச் சொன்ன மனுஷன், மளிகைக்கடைக்காரரிடம் போய் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டீர்கள். பயம் வந்தால் உங்களுக்கு இங்கிலீஷ் வந்துவிடும். பாய் அப்போது வெல்லப் பொட்டலத்தைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு முடிச்சைப் போட்டு இறுக்கினார்.

"புரியுதுங்கய்யா. அல்லா நாடுனது. நீங்க என்ன செய்வீங்க? மொதல்ல டீ சாப்பிடுங்க" என்றார். எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. நீங்கள் குடித்தீர்கள். அவர் பஸ் வரை வந்து ஏற்றிவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இன்றைக்கு ராத்திரியாவது இந்த மனுஷன் தூங்குவார் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் கிளம்பியதும் என் பக்கம் திரும்பினீர்கள். "நீ பாத்தியா?"

"என்னத்தைங்க?"

"பொட்டலம் கட்டுன கை. பாதியில நின்னுச்சு. நின்னுட்டு அப்புறந்தான் முடிச்சு போட்டாரு."

"இருக்கட்டுங்க. புரியுதுன்னு வாயாலயே சொன்னாரே."

"அந்தக் கேப்டனும் அப்படித்தான் ஏத்துனான், டீச்சரம்மா. கடையில அத்தனை பேரு. மரியாதைக்கு ஏத்திட்டாரு. நானும் டீயக் குடிச்சிட்டு எறக்கிட்டேன். மறுபடியும் அதையேதான் செஞ்சிட்டு வரேன்."

விருத்தாசலம் வரும்வரை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதீர்கள். கண்டக்டர் என்னிடம், "ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இன்னொரு தரம் போக வேண்டும், கடையில் இல்லாமல் வீட்டில் வைத்து, அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்றீர்கள். தினம் சொன்னீர்கள். நானும் வற்புறுத்தவில்லை, உங்கள் நெஞ்சு அந்தப் பாட்டைத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெயில் தணியட்டும், மழை விடட்டும் என்று நாள் போயிற்று. பிறகு ஒருநாள் மத்தியானம் மணி அடித்ததும் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். சத்தத்தைக் காணோம். ஒருத்தி மட்டும் திரும்பி வந்து, "டீச்சர், துண்டே இல்ல டீச்சர்" என்றாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தேன். கம்பத்தடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். துண்டு மடியில் கிடந்தது, கயிற்றின் முனை கையில். கட்டக்கூட இல்லை. செராமிக் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குக் கிளம்பிய ஆட்கள்தான், கை காலெல்லாம் வெள்ளை மண்ணோடு, உங்களை உள்ளே தூக்கிவந்து போட்டார்கள். பிறகு அதிகாரிகள் மலர்வளையம் கொண்டுவந்தார்கள். இத்தனை நாட்டுக் கப்பல்களையும் ஒரு விரலசைவில் திருப்பியவர் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அவர்களை அறையலாம் போல இருந்தது.

இப்போது நேற்றைக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வாசலில் அமீது பாய் நின்றுகொண்டிருந்தார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு, தோட்டத்துப் பக்கம் காற்றாட நாற்காலி போட்டேன். கைப்பிடி கோணிய கப்பில் டீ போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன்.

"ஐயா தவறுனது அப்பவே தெரியும்மா" என்றார். "வரணும்னுதான் இருந்தேன். வந்தா கேக்கணுமேன்னு வரல."

"என்ன கேக்கணும், பாய்?"

"அன்னைக்குக் கடைக்கு வந்து என்னமோ சொன்னாங்களே, எனக்கு ஒண்ணும் புரியலம்மா. அவ்வளவு பெரிய ஆபீசரு நம்மள மதிச்சு வந்து ஒக்காந்திருக்காரு, அத்தனை பேரு முன்னாடி புரியலன்னு எப்படிச் சொல்றது? நம்ம புள்ளையப் பத்தி நல்லதாத்தான் சொல்லியிருப்பாருன்னு அவங்கம்மாகிட்ட அப்படியே சொல்லிட்டேன். யாக்கூபு நல்லா வேல செஞ்சான்னு சொன்னாருன்னு. இப்ப அது படுத்த படுக்கையா இருக்குது. 'ஆபீசரு சொன்னத வார்த்தைக்கு வார்த்த சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு பொழுதுக்கும் கேக்குது. இன்னும் எத்தனை நாளைக்குப் பொய் சொல்றது? ஐயா என்ன சொன்னாருன்னு நீங்க சொல்லுங்கம்மா."

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்? நல்லா வேலை செய்தான் என்றுதான் சொன்னார் என்று நானும் சொல்லியிருக்கலாம். அந்தக் கிழவர் நிம்மதியாக டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். வாய் வரைக்கும் அதுதான் வந்தது. பஸ் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நீங்கள் அழுதது ஞாபகம் வந்தது. மரியாதை பார்த்தே இரண்டு தடவை கெட்டது போதும் என்று எழுந்தேன்.

பெட்டியிலிருந்து உங்கள் சிவப்புத் துண்டை எடுத்துவந்து கம்பத்தில் கட்டினேன். கொச்சி மாடியில் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். துண்டைப் பாதிவரை ஏற்றி நிறுத்தினேன். "இங்க நின்னா, பாத்துட்டேன், புரியலன்னு அர்த்தம். அன்னைக்கு அந்தக் கப்பல்ல கொடி இங்கதான் நின்னுச்சு, பாய். அப்புறந்தான் மேல போச்சு. அவரு அதைப் பாத்தாரு."

"பாத்தாரா?"

"பாத்தாரு."

"புரியாமத்தான் ஏத்தறாங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் கட்டளை குடுத்தாரு. அந்தக் கேப்டனை அத்தனை பேரு முன்னாடி மறுபடி கேட்டா அவமானப்படுவான்னு பாவம் பாத்தாரு. ஒரு நிமிஷம் நின்னு கேட்டிருந்தா ஒங்க மவன் இருந்திருப்பான். இதைச் சொல்லத்தான் வந்தாரு."

கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். அவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் கேட்கிற கேள்விதான், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. "புரிஞ்சுதுங்களா, பாய்?" என்றேன். நான் காத்திருந்தேன். செராமிக்கில் சங்கு ஊதி, ஆட்கள் சைக்கிளில் போய், தெரு ஓய்ந்த பிறகும் காத்திருந்தேன். அந்த ஒன்றை மட்டும் உங்களுக்காகச் செய்தேன்.

"இப்பதாம்மா புரியுது" என்றார்.

மெதுவாக எழுந்தார். நான் கப்பை எடுத்து நீட்டினேன். கையால் வேண்டாம் என்று தள்ளவில்லை, அதைப் பார்க்கவே இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பிடித்தபடி திரும்பினார்.

"அன்னைக்கு அவருக்கு நான் டீ வாங்கிக் குடுத்தேனேம்மா" என்றார்.

அவ்வளவுதான். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. வேப்பூர் பஸ் போன புழுதியில் தெருக்கோடிவரை அவர் முதுகு தெரிந்தது.

நீங்கள் வருஷக்கணக்காக ஏங்கியது இதுதானே? ஒருவராவது முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதானே? புரிந்துகொண்டுவிட்டார். புரிந்துகொண்டதால்தான் டீயைத் தொடாமல் போனார். இதில் யாருக்கு என்ன ஆறுதல்? உங்களுக்கா? நீங்கள் இல்லை. படுக்கையில் கிடக்கிற அந்த அம்மாவிடம் அவர் இன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்? நேற்று ராத்திரி முழுக்க இதுதான். நீங்கள் சுமந்ததை நான் இறக்கிவைத்தேனா, தூக்கி அந்தக் கிழவர் தலையில் வைத்தேனா? நான் உங்கள் மேல் கோபப்படவா, உங்களை நினைத்து அழவா? இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது. அடுத்த வாரம் உங்கள் வருஷத் திதி. என்ன சொல்லி இலை போடுவேன்?

அந்த டீ இன்னும் தோட்டத்து நாற்காலிப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆடை படிந்துவிட்டது. கொட்ட மனசு வரவில்லை.

இன்று மத்தியானம் மணி அடித்தது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நம் கம்பத்தின் கதை தெரியாது. பழைய பையன் ஒருவன் போகிற போக்கில் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"டீச்சர், சார் துண்டு பாதியில நிக்குது டீச்சர்."

பழக்க தோஷம், நான் எழுந்து வாசல்வரை ஓடிவிட்டேன். அப்புறம்தான் யாருக்குச் சோறு ஊட்ட ஓடுகிறேன் என்று உறைத்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் சிவப்பாக அது நின்றுகொண்டிருந்தது. பையன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "நான் போய் ஏத்தி வுடட்டுமா டீச்சர்?" என்றான்.

"வேணாம்டா. அது சார் துண்டு இல்ல, என்னுது. எனக்கு இன்னும் புரியல. அங்கயே நிக்கட்டும்" என்றேன்.